இரண்டாம் இலக்கத் துவக்கு

ஆராவ்
11.02.2019

அன்பு மகன் சாயிசனுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. நான் சுகமாக இருக்கிறேன். நீயும் ஹரிஷாவும் ஜெனீவாவில் சுகமாக இருப்பீர்கள், ஹரிஷாவுக்கு வாந்தி இப்போது குறைந்திருக்கும். அப்பாவின் சுகத்தைப் பற்றி எழுதத்தான் இந்தக் கடிதத்தைத் தொடங்கினேன். ஆனால் அதற்கு முன்னால் எழுத வேண்டியவை சில இருக்கின்றன.

போனில் சொல்லியிருக்கலாமே என்று நினைப்பாய். போனில் நான் ஒன்று சொல்ல முதல் நீ நாலு சொல்லிவிடுவாய். உனக்குக் கதைக்கத் தெரியும். கடிதம் என்றால் நான் முடிக்கும்வரை நீ பொறுத்திருக்கத்தான் வேண்டும்.

இதை ஹரிஷாவுக்கும் வாசித்துக் காட்டு. டிசம்பரில் நத்தாருக்கு அவள் என்னோடு கதைத்தபோது, மாமா ஒரு பழைய வேட்டைத் துவக்குக்காக மகனோடு கோபித்துக்கொண்டிருக்கிறாராம், வயது போனால் ஆண்கள் அப்படித்தானாம் என்று சிரித்தாள். அவளில் பிழையில்லை, நீ சொன்னதை அவள் சொன்னாள். அவளுக்குத் தமிழ் கதைக்க வரும், வாசிக்க வராது. ஆகவே நீதான் வாய்விட்டு வாசிக்க வேண்டும். ஒரு வரியையும் தாண்டிப் போகாதே. அவளுக்கும் விளங்க வேண்டும் என்பதால் உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன்.

அப்பாவுக்கு வேலை செய்ய அனுமதி கிடைத்ததும் சேர்ந்த முதல் இடம் ஹுன்சிக்கர் குடும்பத்தின் ரெஸ்ரோரண்ட். இங்கிருந்து பஸ்ஸில் போகிற தூரம், காட்டோரம். கோப்பை கழுவத் தொடங்கி, மரக்கறி வெட்டி, கடைசியில் இறைச்சி அடுப்பு முழுவதும் அப்பாவின் பொறுப்பில் வந்தது. முதலாளியை எல்லாரும் செஃப் என்று அழைப்பார்கள். சண்முகலிங்கம் என்று சொல்ல அந்த மனிதருக்கு நாக்குப் புரளவில்லை, லிங்கி என்று வைத்தார். குசினிக்குள்ளும் சரி, அங்கே சாப்பிட வருகிற வேட்டைக்காரர்களிடமும் சரி, உன் அப்பா லிங்கிதான்.

இலை கொட்டுகிற காலத்தில் செஃப் தன் கூட்டாளிகளோடு வேட்டைக்குப் போவார். காட்டுக்குள் தடியால் மரங்களில் தட்டி மானையும் நரியையும் கலைத்துவிட ஆட்கள் வேண்டும். அப்பாவும் செம்மஞ்சள் சட்டையைப் போட்டுக்கொண்டு போவார். மற்றவர்கள் ஹோ ஹோ என்று கத்த, அப்பா "ஓடு, ஓடு, அங்காலை ஓடு" என்று தமிழில் கத்துவாராம். வேட்டைக்காரர்களுக்கு அதைக் கேட்டால் ஒரே சிரிப்பு. அப்பா அந்த மான்களை உண்மையாகவே தப்பி ஓடச் சொன்னார் என்பது அவர்களுக்குத் தெரியாது.

செஃபிடம் இரண்டு இரட்டைக்குழல் துவக்குகள் இருந்தன. நூறு வருடத்துக்குக் கிட்டப் பழையவை. லண்டனில் சோடியாகச் செய்தவை. ஒன்றில் 1 என்றும் மற்றதில் 2 என்றும் பொன்னால் பதித்திருக்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் படுக்க வைக்க ஒரு தோல் பெட்டி. செஃபின் தகப்பன் ஓர் ஆங்கிலேயரிடம் வாங்கியதாம். வேட்டை முடிந்து வந்ததும் செஃப் குசினி மேசையில் இருந்து வைன் குடிப்பார், அப்பா பக்கத்தில் இருந்து அவற்றைத் துடைத்து எண்ணெய் பூசுவார். வருடா வருடம் அப்படித்தான்.

2009 மே மாதம் அப்பாவின் தம்பி முள்ளிவாய்க்காலில் செத்த செய்தி வந்தது. அடுத்த நாளும் அப்பா வேலைக்குப் போனார். அடுப்படியில் நின்று அழுதவரை செஃப் பின் அறைக்குக் கூட்டிப்போய், அந்தப் பெட்டியைத் திறந்து மேசையில் வைத்தாராம். அது வேட்டைக் காலமே இல்லை, துடைக்க அதில் ஒரு தூசியும் இல்லை. இரண்டு பேரும் ஆளுக்கொன்றாக எடுத்துத் துடைத்துக்கொண்டு இருந்தார்களாம். துவக்கால் செத்தவனுக்காகத் துவக்கைத் துடைத்தா ஆறுதல் தேடினீர்கள் என்று நான் கேட்டேன். இன்றைக்கும் எனக்கு அது விளங்கவில்லை. ஆனால் அப்பாவுக்கு அந்தத் துவக்கு என்ன என்பதை நீ தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக எழுதினேன்.

செஃப் 2013இல் இறந்தார். முதலாம் இலக்கத் துவக்கும் பெட்டியும் மகன் உர்ஸுக்கு, இரண்டாம் இலக்கம் லிங்கிக்கு என்று உயிலில் எழுதியிருந்தார். உர்ஸே வந்து அதைச் சொன்னான். தனித்தனியாக வைத்திருந்தால் பெரிய விலை போகாது, சோடியாகச் சேர்ந்தால்தான் பெறுமதி, தன் தகப்பன் எதற்கு இப்படிப் பிரித்தார் என்று தலையைச் சொறிந்தான். எனக்கு உடனே விளங்கியது. தான் போன பிறகு மகன் லிங்கியை வேலையால் நிறுத்திவிடக் கூடாது என்று கிழவர் யோசித்திருக்கிறார். ஒருவரை ஒருவர் விட்டுப் போக முடியாதபடி கட்டிவிட்டுப் போனார்.

ஆனால் இலங்கைப் பாஸ்போர்ட் வைத்திருக்கிறவர்கள் இந்த நாட்டில் துவக்கு வைத்திருக்கச் சட்டத்தில் இடமில்லை. அது அந்த மனிதருக்குத் தெரிந்திருக்கவில்லை. உனக்குப் பள்ளிக்கூட நாளிலேயே சுவிஸ் பாஸ்போர்ட் எடுத்துத் தந்தோம். அப்பா தனக்கு விண்ணப்பம் எழுதவில்லை. நேர்முகத்தில் ஆராவின் சரித்திரம் கேட்பார்கள், பிழையாகச் சொன்னால் வெட்கம் என்று இருந்துவிட்டார். உரிமையுள்ள ஒருவருக்கு மாற்றும்படி பொலிஸார் மரியாதையாகத்தான் சொன்னார்கள், தவணையும் தந்தார்கள். நீ உடனே, "என்ர பேருக்கு எழுதுங்கோ அப்பா, பேருக்குத்தானே" என்றாய். அப்பாவுக்கு எவ்வளவு சந்தோஷம். அன்றைக்கு உனக்குப் பிடித்த நண்டுக்கறி சமைத்தேன்.

நீ அப்போது பீலில் கடிகாரத் தொழிற்சாலையில் வேலை. அதோடு பழைய கைக்கடிகாரங்களை வாங்கி விற்கிறதும் தொடங்கியிருந்தாய். துவக்கு உன் வீட்டு அலுமாரிக்குள் போயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் அப்பாவும் ரயில் ஏறி வந்தோம். அப்பா மெல்லிய துணியும் எண்ணெய்ப் போத்தலும் கொண்டு வந்தார். நீ அலுமாரியைத் திறந்தாய். அப்பா துணியை எடுத்ததும் அவருடைய கையைப் பிடித்தாய்.

"தொடாதேங்கோ அப்பா. நீங்கள் துடைச்சுத் துடைச்சுத்தான் அந்தப் பூவேலை தேய்ஞ்சு போய்க் கிடக்கு. வாங்கிறவன் பழைய அழுக்குக்குத்தான் காசு குடுப்பான்."

அப்பா துணியை நாலாக மடித்துக் காற்சட்டைப் பைக்குள் வைத்தார். நீ அதைக் கவனிக்கவில்லை, சந்தை நிலவரம் சொல்லிக்கொண்டிருந்தாய். இப்படியான பழைய துவக்குகளை இப்போது ஒருவரும் வேட்டைக்கு வாங்குவதில்லை, ஈயச் சன்னம் போட்டுச் சுடுகிறதை நாடு நாடாகத் தடுத்துக்கொண்டு வருகிறார்கள், உருக்குச் சன்னத்தைப் பழைய குழல் தாங்காது, தகப்பன் செத்ததும் பிள்ளைகள் கொண்டுபோய்க் கடையில் கொட்டுகிறார்கள், வருடத்துக்கு வருடம் விலை விழுகிறது. கை படாத சோடி, அதனுடைய சொந்தப் பெட்டியோடு இருந்தால் மட்டும் சேகரிக்கிறவர்கள் போட்டி போட்டு வாங்குவார்கள். தனியாக இரண்டாம் இலக்கம் என்றால், முதலாவது எங்கே என்று கேட்டுவிட்டுப் போய்விடுவார்கள். இவ்வளவும் சொன்னாய். என் பிள்ளைக்கு எவ்வளவு தெரிந்திருக்கிறது என்று நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அப்பா ஒன்றுதான் கேட்டார், "விக்கிறதுக்கு இல்லைத்தானே?" நீ தேத்தண்ணி போடப் போய்விட்டாய். அதற்குப் பிறகு அப்பா பீலுக்கு வரவில்லை.

2015 இளவேனிலில் உர்ஸ் ஒரு கரட் கேக்கும் கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தான். ரெஸ்ரோரண்டில் கூட்டம் குறைந்துவிட்டது, குசினியின் புகைபோக்கியைப் புதிதாகக் கட்டாவிட்டால் மூடச் சொல்லி நகரசபையிலிருந்து சொல்லிவிட்டார்கள். சோடியாகக் கொடுத்தால் வாங்க ஒருவர் இருக்கிறார், பாதிப் பணம் லிங்கிக்கு என்றான். அப்பா தனக்குப் பாதி வேண்டாம் என்றார். உர்ஸ், அந்தத் துவக்கு உன் தகப்பனுடையது, குசினி நின்றால் நானும் நிற்பேன், கொண்டுபோ என்று கையைக் கொடுத்தார். உர்ஸ் அப்பாவின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கண் கலங்கினான். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அடுத்த கிழமை நீ வந்தாய். சாப்பாட்டு மேசையில் அப்பா விஷயத்தைச் சொன்னார். நீ சோற்றைப் பிசைந்துகொண்டே, அது உன்னுடைய பெயரில் இருக்கிறது, அதைப் பற்றி வாக்குக் கொடுக்க அப்பாவுக்கு உரிமை இல்லை என்றாய். அப்பா கெஞ்சினார். உன் அப்பா ஒருவரிடம் கெஞ்சி நான் கண்டது, நாட்டை விட்டு வரும்போது ஓர் இராணுவச் சோதனைச்சாவடியில் ஒருதரம், மற்றது அன்றைக்கு. அப்போது நீ சொன்னதை ஹரிஷாவுக்கு நிறுத்தி வாசி:

"இப்ப அவசரப்படுறது அவர், நாங்களில்லை. பொறுங்கோ அப்பா. கடன் கழுத்துமட்டும் வந்து நிக்கேக்க அவற்ர விலை தானா இறங்கும்."

அப்பா விளங்காமல் உன்னைப் பார்த்தார். எனக்கு விளங்கியது. நான் உனக்கு இன்னும் ஒரு கரண்டி மீன்குழம்பு விட்டேன்.

பிறகு அப்பா உர்ஸிடம் போய், தன்னுடைய மகன் ஒத்துக்கொள்ளவில்லை, சட்டப்படி தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்று சொன்னார். உர்ஸ் நம்பவில்லை. மகனும் தகப்பனும் சேர்ந்து விலை ஏற்றப் பார்க்கிறார்கள் என்றே நினைத்தான். உரத்துக் கதைக்கவில்லை, வேலையால் நிறுத்தவும் இல்லை. அடுத்த வேட்டைக் காலத்தில் காடு கலைக்க அப்பாவைக் கூப்பிடவில்லை, அவ்வளவுதான். 2016 தையில் ரெஸ்ரோரண்டை மூடினார்கள். கடைசி நாள் உர்ஸ் வரிசையாக நின்ற எல்லாருக்கும் கை கொடுத்துவிட்டு, அப்பாவிடம் வந்தபோது திரும்பி விளக்கை அணைக்கப் போனானாம். ஐம்பத்தெட்டு வயதில் அப்பா ஒரு பள்ளிக்கூடத்தில் மாலை நேரத் துப்புரவு வேலைக்குச் சேர்ந்தார்.

அந்த வருடம் பேர்ணிலிருந்து ஒரு வியாபாரி உர்ஸிடம் போய் முதலாம் இலக்கத்தையும் பெட்டியையும் வாங்கினார். சோடி இல்லாத துவக்குக்குக் கொடுக்கிற விலைதான் கொடுத்தார். வங்கிக்காரர் வீட்டையும் கேட்டுக்கொண்டிருந்த நேரம், உர்ஸ் கொடுத்துவிட்டான். அந்த வியாபாரியை அனுப்பியது நீ. அடுத்த வருடம் சோடி, பெட்டி எல்லாம் அசலாக லண்டன் ஏலத்துக்குப் போயிற்று. ஜெனீவாவில் வீட்டுக்கு முற்பணம் கட்டினாய். பால் காய்ச்ச நான் வந்தேன், யன்னலால் ஏரி தெரிகிறது என்று அக்கம்பக்கத்துக்கெல்லாம் சொன்னேன். அப்பா முழங்கால் நோ என்று வரவில்லை. அப்போது எங்களுக்கு ஒன்றும் தெரியாது. கடிகாரத்தில் உழைத்த காசு என்று நீ சொன்னதை நம்பினோம். துவக்கு அலுமாரிக்குள் இருக்கிறது என்று அப்பா நினைத்துக்கொண்டிருந்தார்.

உர்ஸ் இப்போது பஸ் ஓட்டுகிறான். அது உனக்குத் தெரியுமோ தெரியாது. ஒரு நாள் வேலைக்குப் போக அப்பா ஏறிய பஸ்ஸில் அவன் இருந்தான். அப்பா, "உர்ஸ்" என்றார். பையனாகக் குசினிக்குள் ஓடித்திரிந்த காலம் தொடக்கம் அப்பாவை நீ என்றும் லிங்கி என்றும் கூப்பிட்டவன், எழும்பி நின்று, சண்முகலிங்கம் என்ற முழுப்பெயரையும் ஓர் எழுத்துப் பிசகாமல் சொல்லி, நீங்கள் என்று மரியாதை கொடுத்துக் கதைத்தானாம். லண்டனில் நல்ல விலை போயிருக்கிறது, வேட்டைக்காரர் ஒருவர் சொன்னார், வியாபாரியிடமும் கேட்டேன், உங்கள் மகனுக்கு என் வாழ்த்துகளைச் சொல்லுங்கள் என்றானாம். அன்றைக்கு அப்பா வேலைக்குப் போகவில்லை. திரும்பி வந்து காலில் போட்ட சப்பாத்தையும் கழற்றாமல் கதிரையில் இருந்தார்.

உனக்கு அப்பாவே போன் எடுத்தார். உண்மையோ என்று கேட்டார். "நான் ஒரு பொய்யும் சொல்லேல்லை அப்பா. ஆர் வாங்கிறது எண்டு அவர் கேக்கேல்லை" என்றாய். அதுதான் நீ உன் அப்பாவோடு கதைத்த கடைசி நேரான கதை. அதன் பிறகு என் கணக்குக்குக் காசு போட்டாய், அப்பாவின் பங்கு என்று. அப்பா அதை முழுதாக எடுக்கச் சொன்னார். நானும் கூடப் போனேன். பஸ் திரும்புகிற கடைசித் தரிப்பில் உர்ஸ் கோப்பி குடித்துக்கொண்டு நின்றான். அப்பா கடித உறையைக் கொடுத்தார். எறிவான், ஏசுவான், ஒருவேளை கட்டிப் பிடிப்பான் என்று நான் நினைத்தேன். அவன் வாங்கித் தன் பையில் வைத்தான். மிகவும் நன்றி, திரு. சண்முகலிங்கம் என்றான். பஸ்ஸில் ஏறி இருந்து, ஏறுகிறீர்களா என்று கேட்டான். கதவு எங்களுக்காகத் திறந்தபடி நின்றது. அப்பா ஏறவில்லை. நாங்கள் நடந்து வந்தோம். அதற்குப் பிறகு அப்பா வேலைக்கு நடந்துதான் போனார், பனி கொட்டினாலும்.

சரி, இப்போது சுகத்தைப் பற்றி. தைப்பொங்கலுக்கு முதல் கிழமை அப்பாவுக்குக் கண் மஞ்சளாகி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். கணையத்தில் புற்றுநோய். வெட்ட முடியாத இடமாம். ஏப்ரலில் வருகிற உயிர்த்த ஞாயிறுவரைக்கும் இருப்பார் என்று டொக்டர் சொல்லவில்லை. வீட்டில் இருக்க வேண்டும் என்று அப்பா கேட்டதால் கூட்டிவந்துவிட்டோம். கஞ்சித் தண்ணி இரண்டு கரண்டி இறங்குகிறது. இந்த நோய் உன்னால் வந்தது என்று நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். அப்படி நினைத்து உன்னை நீயே பெரிய ஆளாக்கிக்கொள்ளாதே.

உனக்குச் சொல்ல வேண்டாம் என்றார் அப்பா. போன மாதம் நீ எடுத்தபோது தவறுதலாக அவர்தான் போனை எடுத்தார். "இருங்கோ தம்பி, அம்மாவைக் கூப்பிடுறன்" என்று அவர் சொன்னதைக் கேட்டு, அப்பா இளகிவிட்டார் என்று நீ என்னிடம் சந்தோஷப்பட்டாய். அது இளகினது இல்லை, மகன். வீட்டுக்கு மீட்டர் பார்க்க வருகிறவரோடும் அவர் அப்படித்தான் கதைக்கிறவர்.

சித்தியின் மகன் கோபிசன் சனிக்கிழமைகளில் பேர்ணிலிருந்து வந்து அப்பாவைக் குளிப்பாட்டிவிட்டுப் போகிறான். போன சனிக்கிழமை அப்பா அவனைப் பக்கத்தில் இருத்தி, தனக்குக் கொள்ளி வைக்க வேண்டியது அவன்தான் என்று சொன்னார். பேர்ண் கோயில் ஐயருக்கும் சொல்லியாயிற்று. கோபிசன் அழுதுவிட்டான். "சாயி அண்ணா இருக்கேக்க நான் எப்பிடிப் பெரியப்பா?" என்று கேட்டான். எங்களுக்கு நீ ஒருவன்தானே. அப்பா கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்:

"அவனுக்குக் கடதாசியில இருந்தால்தான் உரிமை. இதுக்குக் கடதாசி இல்லை."

நான் மூன்று தரம் மனம் மாற்றப் பார்த்தேன். மூன்று தரமும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். நாலாம் தரம் நான் கேட்கவில்லை. கேட்க எனக்கும் மனம் வரவில்லை என்பதை உனக்கு ஒளிப்பானேன்.

ஆகவே நீ ஐயரோடு கதைத்து ஒழுங்கு செய்ய வேண்டாம். கோபிசனுக்குப் போன் எடுத்து அவனை நெருக்க வேண்டாம். நீ கதைத்தால் அவன் விட்டுக்கொடுத்துவிடுவான், அவன் அப்படியான பிள்ளை. அன்றைக்கு வருவதென்றால், வருகிறவர்களோடு வரிசையில் நின்று வாய்க்கரிசி போட்டுவிட்டுப் போகலாம். அதை ஒருவரும் மறிக்க மாட்டார்கள்.

புதன்கிழமைகளில் மத்தியானம் தாதி வந்து மருந்து ஏற்றிவிட்டுப் போவாள். அதற்குப் பிறகு அப்பா நல்ல நித்திரை, பக்கத்தில் கதைத்தாலும் தெரியாது. ஜெனீவாவிலிருந்து காலை ரயில் எடுத்தால் அந்த நேரத்துக்கு வந்து சேரலாம் என்று கோபிசன் சொன்னான். நான் உன்னை வரச் சொல்லவில்லை. வந்தால் மணியை அடிக்காதே, கதவு பூட்டாமல் சாத்தித்தான் இருக்கும். சப்பாத்தை வாசலில் விடாமல் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே வா. அவர் முகம் நீ கண்ட முகம் இல்லை, பார்த்து அழாதே. எழுப்பாதே. காலைத் தொடுவதென்றால் போர்வைக்கு மேலால் தொடு, பாதம் வீங்கிப்போய் நோகிறது.

குத்தரிசி மாவும் மிளகாய்த்தூளும் கட்டி வைத்திருக்கிறேன், ஹரிஷா புளிப்பாகச் சாப்பிட ஆசை என்றாள், எலுமிச்சங்காய் ஊறுகாயும் இருக்கிறது. அவளைப் பாரம் தூக்க விடாதே. பிள்ளை ஆணோ பெண்ணோ, கை கால் சுகமாகப் பிறக்க வேண்டும். அது வளர்ந்து, நீ கிழவனாகி, கடைசி மூச்சு விடுகிற நாள்வரைக்கும் உன்னை அப்பா என்றே கூப்பிட வேண்டும். நயினை நாகபூஷணி அம்மனிடம் உனக்காக நான் நேர்ந்திருப்பது அது ஒன்றுதான்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற அம்மா
பரமேஸ்வரி சண்முகலிங்கம்